ரெகாட்டா என்றால் என்ன? படகோட்டிகளின் 'மல்லுக்கட்டு' கனவான்களின் விளையாட்டு ஆன கதை

ஒலிம்பிக் நெருங்கும்போதெல்லாம் விளையாட்டுச் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் எட்டிப் பார்க்கும்: ரெகாட்டா.

2024 ஏப்ரலில் சென்னையைச் சேர்ந்த பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். அந்தத் தகுதிப் போட்டியின் பெயர் 'லாஸ்ட் சான்ஸ் ரெகாட்டா'. பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் நடந்தது. அதே மாதம் தென்கொரியாவில், துடுப்புப் படகு வீரர் பல்ராஜ் பன்வாரும் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார். அதுவும் ஒரு ரெகாட்டாதான்.

ஒருவர் ஓட்டியது காற்றில் போகும் படகு, இன்னொருவர் ஓட்டியது கைவலுவில் போகும் படகு. ரெண்டுக்கும் ஒரே பெயர் எப்படி? நேராகப் 'படகுப் போட்டி'ன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இந்த வாயில் நுழையாத பெயர்? கூகுளில் தேடினால் பாதிக்குப் பாதி மழைக்கோட்டு விளம்பரம் வேறு வருகிறது. (அந்தப் பெயரில் ஒரு பிரிட்டிஷ் துணி பிராண்ட் இருக்கிறது. அதுக்கும் இதுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.)

இந்தச் சொல் எங்கே பிறந்தது, யாருடைய வாயில் பிறந்தது, பிறகு யார் கைக்குப் போனது என்று பார்த்தால் கதை சுவாரசியமாக இருக்கிறது. கொஞ்சம் கசப்பாகவும் இருக்கிறது.

ரேஸுக்கும் ரெகாட்டாவுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் இன்றைய பொருளைப் பார்த்துவிடலாம். கிரிக்கெட்டில் ஒரு மேட்ச் என்பது வேறு, டோர்னமென்ட் என்பது வேறு இல்லையா? அதே கணக்குதான். ரேஸ் என்றால் ஒரு ஓட்டம். ரெகாட்டா என்றால் பல ஓட்டங்கள் சேர்ந்த தொடர். ஒரே நாளிலும் முடியலாம், ஒரு வாரமும் நடக்கலாம்.

அதனால்தான் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1829-ல் தொடங்கி மோதிக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற போட்டிக்கு 'தி போட் ரேஸ்' என்றே பெயர். முக்கியமான ஓட்டத்தில் ரெண்டே படகுகள்தான். அதை ரெகாட்டா என்று சொல்வதில்லை.

பாய்மரப் படகு ரெகாட்டாவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே புள்ளி குறைந்தால்தான் வெற்றி. ஒரு ரேஸில் முதலிடம் என்றால் 1 புள்ளி, இரண்டாமிடம் 2 புள்ளி, 15-வது இடம் 15 புள்ளி. எல்லா ரேஸ்களையும் கூட்டி, வீரரின் மிக மோசமான ஒரு ரேஸைக் கழித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதுதான் 'நெட் பாயின்ட்ஸ்'. அது யாருக்குக் குறைவோ அவர் முன்னால் நிற்பார். 'புள்ளிகளைக் குவித்தார்' என்று பாய்மரப் படகு வீரரைப் பற்றி எழுதினால் அவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம்!

சொல் பிறந்த இடம்: வெனிஸ்

ரெகாட்டா ஆங்கிலச் சொல் இல்லை. இத்தாலியின் வெனிஸ் நகரப் பேச்சு வழக்கில் இருந்து வந்தது. தெருக்களுக்குப் பதில் கால்வாய்கள் ஓடும் ஊர் அது. காய்கறி, விறகு, கல், கல்யாணம், சாவு எல்லாமே படகில்தான் போக வேண்டும். படகோட்டுவது அங்கே விளையாட்டாகத் தொடங்கவில்லை, வயிற்றுப்பாடாகத் தொடங்கியது.

சொல்லின் வேர் பற்றி ஒருமித்த முடிவு கிடையாது. படகுகள் வரிசையாக நிற்பதால், கோடு அல்லது வரிசை என்று பொருள்படும் 'ரீகா'வில் இருந்து வந்தது என்பார்கள். துடுப்புக்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அகராதிகள் அதிகம் சாய்வது வேறொரு பக்கம்: போட்டி போடு, பேரம் பேசு, யார் கை ஓங்குதுன்னு பார்த்துவிடு என்ற பொருள் தரும் 'ரிகத்தாரே' என்ற வினைச்சொல். இன்றைக்கும் இத்தாலியில் பழைய சாமான் வியாபாரிக்கு 'ரிகத்தியேரே' என்று பெயர். அந்தக் குடும்பத்துச் சொல்தான் இதுவும்.

அப்படிப் பார்த்தால் இதற்குத் தமிழில் நெருங்கிய சொல் எது? 'பந்தயம்' என்பதைவிட 'மல்லுக்கட்டு' பொருத்தம் என்று தோன்றுகிறது. சந்தையில் விலைக்கு மல்லுக்கட்டுவோம். தண்ணீர்க் குழாயில் இடத்துக்கு மல்லுக்கட்டுவோம். வெனிஸ் படகுக்காரர்கள் கால்வாயில் யார் முந்துவது என்று மல்லுக்கட்டினார்கள். அதற்குள் படகு இருந்தது தற்செயல்தான். வேர்ச்சொல்லின் பொருளில் தண்ணீரும் இல்லை, துடுப்பும் இல்லை. இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் நிற்பது மட்டுமே இருக்கிறது.

பெண்களும் அந்த மல்லுக்கட்டில் இருந்தார்கள். 1493-ல் மிலான் நகர ஆட்சியாளரின் மனைவி பெயாத்ரிச்சே தெஸ்தே வெனிஸ் வந்தபோது, அவருக்காக நடத்தப்பட்ட விழாவில் கிராமத்துப் பெண்கள் படகோட்டிப் போட்டியிட்டார்கள்.

இன்றும் ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் ஞாயிறன்று வெனிஸின் கிராண்ட் கால்வாயில் 'ரெகாட்டா ஸ்தோரிகா' நடக்கிறது. அங்கே துடுப்புப் போடுகிறவர் நின்றுகொண்டு, முன்னால் பார்த்தபடி ஓட்டுவார். ஒலிம்பிக் துடுப்புப் படகில் உட்கார்ந்து, போகும் திசைக்கு முதுகைக் காட்டி இழுப்பார்கள். நெரிசலான கால்வாயில் எதிரே வருபவனைப் பார்க்காமல் ஓட்ட முடியுமா? வேலைக்குப் பழகிய உடம்பு போட்டியிலும் அப்படியே நிற்கிறது.

ஜெயித்தவர்களுக்குக் கொடி கொடுப்பார்கள். முதலிடத்துக்குச் சிவப்பு, அடுத்து வெள்ளை, பச்சை, நீலம். நான்காவதாக வந்தவருக்குக் கொடியோடு ஒரு பன்றிக்குட்டியும் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது.

லண்டன் போன சொல்

1775 ஜூன் 23. லண்டனின் தேம்ஸ் ஆற்றில் ஒரு பெரிய படகு விழா நடந்தது. வெனிஸுக்குச் சுற்றுலா போய்வருவது அப்போது பிரிட்டிஷ் பணக்காரர்களின் ஃபேஷன். அங்கே பார்த்ததை இங்கே நடத்தினார்கள், பெயரையும் கூடவே கொண்டுவந்தார்கள். படகுப் போட்டிக்கான பொதுப்பெயராக ரெகாட்டா ஆங்கிலத்தில் காலூன்றியது இந்த நாளில் இருந்துதான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

ஆனால் தேம்ஸில் போட்டி அதற்கு முன்பே இருந்தது. பாலங்கள் குறைவாக இருந்த அந்தக் காலத்தில் ஆற்றைக் கடக்கப் படகுக்காரர்தான் வேண்டும், இன்றைய ஆட்டோ மாதிரி. தாமஸ் டாகெட் என்ற நாடக நடிகர், அந்தப் படகுக்காரர்களில் பயிற்சி முடித்த இளைஞர்களுக்காக 1715-ல் ஒரு போட்டியைத் தொடங்கினார். பரிசு, ஒரு சிவப்புக் கோட்டும் வெள்ளி வில்லையும். அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது.

ஆக வெனிஸிலும் சரி, லண்டனிலும் சரி, தொடக்கத்தில் துடுப்புப் பிடித்தது உழைப்பாளி கை. கரையில் நின்று கைதட்டியது மேட்டுக்குடி.

19-ம் நூற்றாண்டில் இது தலைகீழானது. பள்ளி, கல்லூரி, கிளப் என்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் படகில் இறங்கினார்கள். 1839-ல் ஹென்லி என்ற ஊரில் ரெகாட்டா தொடங்கியது. இன்றைக்கு 'ஹென்லி ராயல் ரெகாட்டா' என்றால் உலகம் முழுக்கத் தெரியும்.

அங்கே ஒரு பிரச்சனை வந்தது. தினமும் துடுப்புப் போட்டுப் பிழைப்பவனோடு, வார இறுதியில் மட்டும் துடுப்புப் போடுகிறவர் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? பதில் எல்லோருக்கும் தெரியும். அதனால் விதியை மாற்றினார்கள்.

'கைத்தொழில் செய்பவருக்கு அனுமதி இல்லை'

1879-ல் ஹென்லி நிர்வாகம், யாரெல்லாம் 'அமெச்சூர்' என்று ஒரு வரையறை கொண்டுவந்தது. காசுக்குப் போட்டியிடுபவர் வரக்கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. கூலிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் கலந்துகொள்ள முடியாது. படகுக்குச் சம்பந்தமே இல்லாத வேலை பார்த்தாலும் சரி, கையால் உழைக்கிறவன் என்றால் வெளியேதான்!

இந்த விதியில் சிக்கியவர்களில் ரொம்பப் பேசப்பட்டவர் ஜான் கெல்லி, அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரர். செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலை பார்த்தவர். 1920-ல் ஹென்லியின் 'டயமண்ட் ஸ்கல்ஸ்' போட்டிக்கு விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். அவர் இருந்த கிளப் மீது ஏற்கெனவே தடை இருந்தது, அவர் கைத்தொழில் செய்தவர் என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்த வருடம் டயமண்ட் ஸ்கல்ஸை ஜெயித்தவர் ஜாக் பெரஸ்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வீரர். சில வாரங்களில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் வந்தது. தனிநபர் துடுப்புப் படகு இறுதிப் போட்டியில் இருவரும் நேருக்கு நேர். கெல்லி ஜெயித்தார், தங்கம். (இந்தக் கெல்லியின் மகள்தான் பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமாகி மொனாக்கோ இளவரசியான கிரேஸ் கெல்லி. மகன் ஜான் கெல்லி ஜூனியர், அப்பாவை உள்ளே விடாத அதே டயமண்ட் ஸ்கல்ஸை 1947-லும் 1949-லும் ஜெயித்தார். தமிழ் சினிமாக்காரர்கள் இந்தக் கதையை எப்படி விட்டுவைத்தார்களோ!)

1936-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் போய்க்கொண்டிருந்த எட்டுப் பேர் அணியும் ஹென்லியில் இறங்க முடியவில்லை. காரணம், அவர்கள் போலீஸ்காரர்கள். காவல் வேலையையும் கைத்தொழில் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எதிர்ப்பு வலுத்தது. 1937-ல்தான் அந்தக் கைத்தொழில் விதி நீங்கியது.

படகோட்டிகளின் மல்லுக்கட்டுக்கு வைத்த பெயர், படகோட்டிகளையே உள்ளே விடாத இடத்தின் பெயராகிவிட்டது.

சென்னைக்கு எப்படி வந்தது?

அந்த ஆங்கிலேயக் கிளப் கலாசாரத்தோடுதான். அடையாறு கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது. சென்னையில் 'போட் கிளப் ரோடு' என்றதும் பெரிய பெரிய பங்களாக்கள் ஞாபகத்துக்கு வருமே, அந்தப் பெயருக்குக் காரணம் இந்தக் கிளப்தான். சென்னைப் படகு வீரர்களும் கொழும்புப் படகு வீரர்களும் மோதும் மெட்ராஸ்–கொழும்பு ரெகாட்டா 1898-ல் தொடங்கியது. பாய்மரப் படகுகளுக்கான ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் வந்தது. நேத்ரா குமணன் மாதிரி வீரர்கள் சென்னையில் இருந்து வருவதற்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறும் இருக்கிறது.

ஆனால் தமிழ்க் கடற்கரைக்கு இதைவிடப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஒரு சொல்லின் வழியாக.

ரெகாட்டா இத்தாலியில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனது மாதிரி, 17-ம் நூற்றாண்டின் கடைசியில் தமிழில் இருந்து 'கட்டுமரம்' போனது. அதுதான் இன்றைய 'கேட்டமரான்'. நம்ம கட்டுமரம், பெயரே சொல்வது மாதிரி, மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. இன்று கேட்டமரான் என்று சொல்லும் படகோ இரண்டு உடல்கள் கொண்டது. அந்த இரட்டை உடல் வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. 'ஒலிம்பிக்கில் ஓடுவது தமிழன் கண்டுபிடித்த படகு' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பாதியை மட்டும் நம்பலாம்.

இந்த இரண்டு சொற்களும் ஒரு நாள் சந்தித்தன. 1876-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டையொட்டி நியூயார்க்கில் ஒரு ரெகாட்டா. நதானியல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் 'அமரில்லிஸ்' என்ற கேட்டமரானோடு வந்தார். மற்ற படகுகளையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போனார். தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள், வெற்றி செல்லாது என்றானது. வழக்கமான படகுகளோடு கேட்டமரான் போட்டியிடுவதற்கும் கதவு மூடப்பட்டது.

ரொம்ப வேகமாகப் போனதுதான் குற்றம். கெல்லி கதை மாதிரியே இல்லையா?

அந்தக் கதவு திறக்க நூறு வருடம் ஆனது. 1976-ல் ஒலிம்பிக்கில் கேட்டமரான் நுழைந்தது. 2013-லும் 2017-லும் பாய்மரப் படகு உலகின் மிகப் பெரிய கோப்பையான அமெரிக்கா கோப்பையே கேட்டமரான்களில்தான் நடந்தது.

பக்கத்து ஊரில் இதற்கு 'களி' என்று பெயர்

கேரளத்தில் ரெகாட்டா என்ற சொல்லைக் கடன் வாங்கத் தேவை வரவில்லை. வள்ளங்களி இருக்கிறது. வள்ளம் என்றால் நம்ம கன்னியாகுமரி மீனவர்களுக்கும் தெரியும். களி என்றால் மலையாளத்தில் விளையாட்டு, தமிழில் மகிழ்ச்சி. (கேழ்வரகுக் களி வேறு.)

வெனிஸ்காரர்கள் மோதலை வைத்துப் பெயரிட்டார்கள், மலையாளிகள் விளையாட்டை வைத்துப் பெயரிட்டார்கள். ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் ரெண்டும் ஒன்றுதான்! ஆலப்புழாவின் புன்னமடை ஏரியில் 1952-ல் நேரு வந்ததை ஒட்டித் தொடங்கிய நேரு கோப்பையில், 2024-ல் காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடியில் எல்லையைத் தொட்டது. இரண்டாவதாக வந்த வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790. வித்தியாசம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. 100 அடிக்கும் மேல் நீளமான படகு, சுமார் 100 பேர் துடுப்பு. கண்ணால் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. களி என்று பெயர் வைத்தாலும் மல்லுக்கட்டு மல்லுக்கட்டுதான்.

நம்ம ஊரில் என்ன சொல்கிறோம்?

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கத்துக் கடலோர ஊர்களில் கோயில் திருவிழாவையொட்டி மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவார்கள். பல படகுகள், குறிப்பிட்ட எல்லை, முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் உண்டு. அது மாவட்டச் செய்திப் பக்கத்தில் 'மீனவர்கள் பங்கேற்ற படகுப் போட்டி' என்று வரும். கிளப் நடத்தினால் விளையாட்டுப் பக்கத்தில் 'ரெகாட்டா' என்று வரும்.

இரண்டிலும் வேண்டியது ஒரே திறமை. காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். நம்ம மீனவர்களிடம் மேற்கில் இருந்து வந்தால் கச்சான், கிழக்கில் இருந்து வந்தால் கொண்டல், வடக்கு என்றால் வாடை, தெற்கு என்றால் சோழகம் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயரே இருக்கிறது (வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும்). சொல்லின் வரலாற்றைப் பார்த்தால், ரெகாட்டா என்ற பெயருக்கு முதல் உரிமை தொண்டிக்காரர்களுக்குத்தான். பிழைப்புக்குப் படகோட்டுகிறவர்கள் ஊர் திருவிழாவில் யார் முந்துவது என்று மோதிக்கொள்வது: வெனிஸில் அந்தச் சொல் பிறந்த இடமே அதுதானே.

செய்தியில் எப்படி எழுதலாம் என்று கேட்டால், போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயரில் இருந்தால் ரெகாட்டா என்று எழுதலாம். மற்ற இடங்களில் 'படகுப் போட்டித் தொடர்' போதும். துடுப்பா, பாயா என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதில்தான் வாசகருக்குக் குழப்பம் வருகிறது.

2028-ல் என்ன மாறுகிறது?

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் ஒரு புதிய பிரிவு வருகிறது. பெயர் 'பீச் ஸ்பிரின்ட்'. அமைதியான ஏரியில் நேர்க்கோட்டில் போகும் பழைய போட்டி இல்லை இது. வீரர் கடற்கரை மணலில் ஓடிவந்து படகில் ஏற வேண்டும். அலையைக் கிழித்துக்கொண்டு, மிதவைகளை வளைந்து வளைந்து கடந்து 250 மீட்டர் போக வேண்டும். திரும்பி 250 மீட்டர் வந்து, கரையில் குதித்து மறுபடி ஓட வேண்டும். ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், கலப்பு இரட்டையர் என்று மூன்று பதக்கங்கள்.

இதுவரை ஒலிம்பிக் போன இந்தியத் துடுப்புப் படகு வீரர்களில் பலர் ராணுவத்தில் சேர்ந்த பிறகு துடுப்பைத் தொட்டவர்கள். 2016-ல் ரியோ போன தத்து போகனல், நாசிக் மாவட்டத்தின் வறட்சிப் பகுதியில் பிறந்து கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். புனேயில் உள்ள ராணுவப் பயிற்சி மையம்தான் அவரை உருவாக்கியது. தண்ணீரே இல்லாத ஊரில் இருந்து ஒருவரைத் தேடிப்பிடித்து ஒலிம்பிக் வரை கொண்டுபோக முடிந்திருக்கிறது.

அலைக்குள் படகைத் தள்ளி ஏறுவதும், அலை உடையும் நேரம் பார்த்துக் கரைக்குத் திரும்புவதும் தமிழ்நாட்டின் 1,000 கிலோமீட்டருக்கும் மேலான கடற்கரையில் தினமும் விடியற்காலையில் நடக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் 2028 ஜூலை 14-ல் தொடங்குகிறது. அந்தப் படகில் பயிற்சி பெற யாரைத் தேடுவார்கள், எந்த ஊரில் தேடுவார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.